செப்டம்பர் மாத வெளியூர் ஆட்டம்: அபாயத்தை எடைபோடக் கற்றுக்கொள்வது எப்படி?

2018 செப்டம்பர் 22 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி தன் மாநிலத்துக்குள்ளேயே ஒரு வெளியூர் ஆட்டத்துக்குப் போனது. நாட்டுத் தரவரிசையில் அப்போது அதற்கு 13ஆம் இடம். எதிரணி, நார்ஃபோக் நகரின் ஓல்டு டொமினியன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்தை மீண்டும் தொடங்கியதே 2009இல்தான். அந்தப் பருவத்தில் அதுவரை ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. முதல் ஆட்டத்தில் லிபர்ட்டியிடம் 52-10 என்று நொறுங்கியிருந்தது. டெக் ஏறக்குறைய நான்கு டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது), அதாவது சுமார் 28 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்பதே பந்தயச் சந்தையின் கணிப்பு. ஓல்டு டொமினியன் 49-35 என்று வென்றது. மாற்று வீரராக இறங்கிய குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை வீசுபவர்) பிளேக் லாரூசா 495 யார்டுகளுக்குப் பந்து வீசினார்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் வெல்வார் என்பதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இந்த ஆட்டம் தரவரிசை காட்டுவதைவிட அபாயமானது என்பதற்கான அறிகுறிகள் எல்லோர் கண் முன்னாலும் கிடந்தன. அவற்றை எந்த வரிசையில் பார்ப்பது என்பதைத்தான் கல்லூரிக் கால்பந்துக்குப் புதியவர்களுக்கு இங்கே சொல்லப்போகிறேன்.

ஒரு சிறு அடிப்படை. ஒரு கல்லூரி அணிக்குப் பருவத்தில் வழக்கமாக 12 ஆட்டங்கள்தான். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகளைப் போலப் பருவத்துக்கு முன்னால் வேறு அணிகளோடு ஒத்திகை ஆட்டம் ஆடும் வாய்ப்பு இவர்களுக்கு இல்லை. ஆகஸ்ட் முழுவதும் தங்களுக்குள்ளேயே மோதிப் பயிற்சி எடுத்துவிட்டு நேராகக் களம் இறங்குகிறார்கள். மாதிரித் தேர்வே இல்லாமல் நேரே பொதுத்தேர்வு. அதையும் அடுத்தவர் ஊரில், அடுத்தவர் கூட்டத்தின் நடுவில் எழுத வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அபாயம் அங்கேதான் பிறக்கிறது.

முதலில் தரவரிசையை ஓரமாக வையுங்கள்

ஆகஸ்டில் வெளியாகும் தரவரிசை பெரும்பாலும் போன வருட நினைவும் பெயர் மதிப்பும் கலந்தது. செப்டம்பரில் அது மாறும்போதும், இன்னும் யாரென்று தெரியாத அணிகளை வென்றதற்கே மதிப்பெண் போடுகிறார்கள். வர்ஜீனியா டெக் அந்தப் பருவத்தை டல்லாஹாஸி நகரில் ஃபுளோரிடா ஸ்டேட்டை 24-3 என வீழ்த்தித் தொடங்கியது. அப்போது ஃபுளோரிடா ஸ்டேட் 19ஆம் இடத்தில் இருந்ததால் அது மாபெரும் வெற்றியாகத் தெரிந்தது. பருவம் முடிந்தபோது ஃபுளோரிடா ஸ்டேட்டின் கணக்கு 5 வெற்றி, 7 தோல்வி. டெக்கை உயர்த்திக் காட்டிய ஏணியே ஆட்டம் கண்ட ஏணி. செப்டம்பரில் யாராவது ஒரு பெரிய வெற்றியைக் காட்டினால், தோற்ற அணியைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன தெரியும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பிறகு புதிய கைகளை எண்ணுங்கள்

இந்த வேலைக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். ஒரு தாளை எடுத்து, வெளியூர் போகும் அணியில் போன வருடம் இல்லாத யாரெல்லாம் முக்கியமான இடங்களில் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். நான் பார்க்கும் வரிசை இது: குவார்ட்டர்பேக், அவருக்குப் பந்தைக் கொடுக்கும் சென்டர், தாக்குதலையும் தற்காப்பையும் வழிநடத்தும் இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள், கடைசியாகப் பின்வரிசைத் தற்காப்பாளர்கள். இந்த ஐந்தில் இரண்டு புதிது என்றால் எச்சரிக்கை. மூன்று புதிது என்றால், எதிரணி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதை எளிய ஆட்டம் என்று நான் சொல்லமாட்டேன்.

2018இல் டெக்கின் தற்காப்பைப் பாருங்கள். டிரெமெய்ன் எட்மண்ட்ஸ், டெரெல் எட்மண்ட்ஸ் என்ற சகோதரர்கள் இருவரும் அந்த ஆண்டு என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போய்விட்டார்கள். மூலைத் தற்காப்பாளர் கிரெக் ஸ்ட்ரோமனும் போய்விட்டார். அவர்களுடைய இடங்களில் அனுபவம் குறைந்தவர்கள். போதாக்குறைக்கு, முந்தைய வாரம் ஈஸ்ட் கரோலினாவுடன் நடக்க வேண்டிய ஆட்டம் ஃபுளோரன்ஸ் சூறாவளியால் ரத்தானது. இளம் தற்காப்பாளர்களுக்குத் தவறு செய்து திருந்தக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு சனிக்கிழமையும் இப்படிப் போயிற்று. நார்ஃபோக்கில் லாரூசா எறிந்த நீளமான பந்துகள் அந்தப் பின்வரிசையின் தலைக்கு மேல்தான் பறந்தன.

இதே கணக்கை உள்ளூர் அணிக்கும் போடுங்கள். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். அணி மாறும் விதிகள் 2021இல் தளர்ந்த பிறகு, ஒரு வீரர் முதல் முறை மாறும்போது ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை என்றாகிவிட்டது. அதனால் போன வருடம் மண்ணைக் கவ்விய அணி ஒரே கோடையில் ஆளே மாறி வந்து நிற்கலாம். ஃபுளோரிடா ஸ்டேட் 2024இல் 2 வெற்றி, 10 தோல்வி என்ற பரிதாப நிலையில் இருந்தது. 2025இல் புதிய தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக கஸ் மல்ஸான் வந்தார். பாஸ்டன் காலேஜிலிருந்து குவார்ட்டர்பேக் தாமஸ் காஸ்டெயானோஸ் வந்தார். தற்காப்புக்கும் புதிய ஒருங்கிணைப்பாளர். ஆகஸ்ட் 30 அன்று 8ஆம் இடத்தில் இருந்த அலபாமா அங்கே போனது, முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கும் குவார்ட்டர்பேக்குடன். 31-17 என்று தோற்றுத் திரும்பியது. 2-10 என்ற எண்ணைப் பார்த்துக் கணித்தவர்கள், களத்தில் இல்லாத ஓர் அணியைக் கணித்திருந்தார்கள்.

புதியது எல்லாமே கெடுதலும் இல்லை. 2019இல் எல்.எஸ்.யு. (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணிக்கு ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் என்.எஃப்.எல்.இலிருந்து வந்தார். அவர் கொண்டுவந்த முறை உண்மையில் பலிக்குமா என்பது, செப்டம்பர் 7 அன்று ஆஸ்டினில் டெக்சாஸைச் சந்திக்கும் வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் அந்தப் புதிய முறையை ஏந்தியவர் குவார்ட்டர்பேக் ஜோ பரோ. அந்த அணியில் அவருக்கு அது இரண்டாவது வருடம். புதிய திட்டம், பழகிய கை. இந்தச் சேர்க்கையை நான் நம்புவேன். புதிய திட்டமும் புதிய கையும் சேர்ந்து முதல் மாதமே வெளியூர் போனால் நம்பமாட்டேன்.

சத்தம் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

உள்ளூர்க் கூட்டத்தின் பலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வீரர்களின் மனநிலையைத்தான் பேசுகிறார்கள். உண்மையான சேதம் அதைவிட எளிமையானது: பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழாது. மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியின் கைல் ஃபீல்டில் 1,02,733 பேர். வெளியூர் அணியிடம் பந்து இருக்கும்போதெல்லாம் அவ்வளவு பேரும் கத்துவார்கள். சொந்த அணியிடம் பந்து வந்ததும் அமைதியாகிவிடுவார்கள். அரங்கில் முதல்முறை உட்காருகிறவரை இந்த ஒழுங்கு வியக்க வைக்கும்.

2024 முதல் முதல்நிலைப் பிரிவில், பயிற்சியாளர் களத்தில் உள்ள ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் வானொலி வழியே பேசலாம். அடுத்த ஆட்டத்துண்டைத் தொடங்கக் கொடுக்கப்படும் கடிகாரத்தில் (பிளே கிளாக்) 15 நொடி மீதம் இருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு குவார்ட்டர்பேக் தன் முன்வரிசைக்கு எதையும் கையால், காலால்தான் சொல்ல வேண்டும். அதைக் கூர்ந்து பாருங்கள். குவார்ட்டர்பேக் ஒரு காலைத் தூக்கி வைப்பார். சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்து, அந்தக் காலைக் கண்டதும் சென்டரின் உடலில் ஒரு தட்டு தட்டுவார். சென்டர் தலையை நிமிர்த்துவார். ஒரு கணம் கழித்துப் பந்து கிளம்பும். எதிரே குனிந்திருக்கும் தற்காப்பு வீரரின் கண் அந்தத் தலைமேல்தான் இருக்கும். நாலைந்து தடவை ஒரே தாளத்தில் நடந்தால் அவர் அந்தத் தாளத்தைப் பிடித்துவிடுவார். அடுத்த தடவை பந்தோடு சேர்ந்தே பாய்வார். முன்வரிசை வீரர் அதற்குப் பயந்து அரை நொடி முன்னால் அசைந்தால் ஐந்து யார்டு அபராதம்.

இந்தச் சிறு அபராதங்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2022 செப்டம்பர் 10 சாட்சி. நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமா டெக்சாஸுக்குப் போனது. சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட அணி அது. காலை 11 மணிக்கு ஆட்டம், நல்ல வெயில். அலபாமா அன்று வாங்கிய அபராதங்கள் 15. இழந்தது 100 யார்டு. பயிற்சியாளர் நிக் சேபன் காலத்தில் அந்த அணி ஒரே ஆட்டத்தில் அத்தனை அபராதம் வாங்கியதே இல்லை. டெக்சாஸின் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் முதல் கால்பகுதியிலேயே காயம்பட்டு வெளியேறியும், ஒன்றரை நிமிடம் மீதம் இருந்தபோது டெக்சாஸ் 19-17 என முன்னிலையில் இருந்தது. அதன் பிறகு அலபாமாவின் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங், தன்னை வீழ்த்தப் பாய்ந்துவந்த தற்காப்பு வீரரின் பிடியிலிருந்து நழுவி 20 யார்டு ஓடினார். 10 நொடி மிச்சம் இருக்கையில் 33 யார்டு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி பெறுவது). 20-19. முந்தைய பருவம் முழுவதும் ஆடித் தேறிய குவார்ட்டர்பேக் இல்லாமல் அன்று அலபாமா தப்பியிருக்குமா என்று என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

ஆகவே இந்தப் படியில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த முன்வரிசை ஐவரும் சேர்ந்து இதற்கு முன் சத்தமான இடத்தில் ஆடியிருக்கிறார்களா?

ஊர், உயரம், வெயில், நேரம்

இதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. பத்து நிமிடம் போதும். வயோமிங் அணியின் மைதானம் லாரமி நகரில் 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. முதல்நிலைப் பிரிவில் அதைவிட உயரமான மைதானம் கிடையாது. 2019இல் மிசூரி அங்கே 14-0 என முன்னிலை பெற்று, 37-31 என்று தோற்றது. 2023இல் டெக்சாஸ் டெக் 17-0 என முன்னிலை பெற்று, இரண்டாவது கூடுதல் நேரத்தில் 35-33 என்று தோற்றது. உயரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பெரிய அணி வேகமாகத் தொடங்கித் தேய்ந்துபோவது இரண்டு முறையும் ஒரே மாதிரி நடந்தது. எனவே அங்கே போகும் அணியின் மாற்று வீரர்கள் எத்தனை பேர் ஆட்டத்துக்குத் தயார் என்று பார்ப்பேன்.

தெற்கில் செப்டம்பர் மாத நண்பகல் என்றால் வெயிலையும், கிழக்குக் கடற்கரை அணி மேற்கே போய் இரவில் ஆடினால் உடல் கடிகாரத்தையும் கணக்கில் எடுங்கள். இவை தனியாக ஆட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. நான்காவது கால்பகுதியில் ஏற்கெனவே இருக்கும் குறையைப் பெரிதாக்கும்.

இந்த ஆட்டம் யாருக்குப் பெரிது?

பெரிய அணிகள் ஏன் சிறிய ஊர்களுக்குப் போகின்றன? பல சமயம் ஒப்பந்தம்: நீ என் ஊருக்கு இத்தனை தடவை வா, நான் உன் ஊருக்கு ஒரு தடவை வருகிறேன். பெரிய அணிக்கு அது நாட்காட்டியில் ஒரு கட்டம். சிறிய ஊருக்கு அது பல வருடக் காத்திருப்பு. நார்ஃபோக் வட்டாரம் வர்ஜீனியா டெக்குக்குக் காலங்காலமாக வீரர்களைத் தந்த இடம். புரூஸ் ஸ்மித் நார்ஃபோக்காரர், மைக்கேல் விக் பக்கத்து நியூபோர்ட் நியூஸ்காரர். அந்த வட்டாரத்தில் வளர்ந்து, டெக் அழைக்காமல் உள்ளூரிலேயே நின்றுவிட்ட பையனுக்கு அந்த ஒரு சனிக்கிழமை எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

அட்டவணையில் முந்தைய வாரத்தையும் அடுத்த வாரத்தையும் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 31 அன்று நோட்டர் டேம் அணி கைல் ஃபீல்டின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்துக்கு முன்னால் 23-13 என வென்றது. மிகக் கடினமான வெளியூர் ஆட்டம், அதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த வாரம் சொந்த மைதானத்தில், யாரும் பொருட்படுத்தாத நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றார்கள். ஆக, வெளியூர் ஆட்டத்தின் களைப்பு அடுத்த சனிக்கிழமை வரையும் நீளலாம்.

ஆட்டம் எவ்வளவு குறுகும் என்று பாருங்கள்

பலம் குறைந்த அணிக்கு உகந்தது குறுகிய ஆட்டம். பந்து எத்தனை முறை கைமாறுகிறதோ அத்தனை முறை பலமான அணி தன் பலத்தைக் காட்ட வாய்ப்பு உண்டு. அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் ஒரே ஒரு பிழை ஆட்டத்தைத் திருப்பிவிடும். அப்பலாச்சியன் ஸ்டேட் 2022இல் இரண்டு வகையிலும் ஆடிக் காட்டியது. செப்டம்பர் 3 அன்று தன் பூன் நகருக்கு வந்த நார்த் கரோலினாவுக்கு எதிராக நான்காவது கால்பகுதியில் மட்டும் 40 புள்ளிகள் குவித்தும் 63-61 என்று தோற்றது. அடுத்த வாரமே 6ஆம் இடத்தில் இருந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியின் மைதானத்துக்குப் போய், 60 நிமிடத்தில் 41 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு 17-14 என்று வென்றது. திறந்துவிட்ட ஆட்டத்தில் தோற்ற அதே அணி, பூட்டிவைத்த ஆட்டத்தில் வென்றது. எதிரணி நிதானமாக ஓடி ஓடிக் கடிகாரத்தைக் கரைக்கும் அணி என்றால், உங்கள் மனத்தில் இருக்கும் வெற்றி வித்தியாசத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று முடிவுகளை எழுதுங்கள்

இப்போது கணிப்பு. பந்தயச் சந்தையின் வித்தியாசப் புள்ளியைப் பாருங்கள். பணம் கட்டுவதற்காகச் சொல்லவில்லை. பலருடைய அறிவு திரண்ட ஓர் எண் அது என்பதால் சொல்கிறேன். உள்ளூர் ஆட்டத்துக்கு மூன்று புள்ளி சாதகம் என்பது பழைய கணக்கு; அது அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கும், மறுபடி கூட்டிவிடாதீர்கள்.

பிறகு தாளில் மூன்று முடிவுகள் எழுதுங்கள்: வெளியூர் அணிக்கு நல்ல நாள், சாதாரண நாள், கெட்ட நாள். கெட்ட நாளுக்கு ஓர் அளவுகோல் வையுங்கள். இரண்டு முறை பந்தைப் பறிகொடுப்பது, பத்துக்கு மேல் அபராதம், ஒரு ஃபீல்ட் கோல் தவறுவது. இவ்வளவும் நடந்த பிறகும் வெல்ல முடிகிற அணியா? ஆம் என்றால் அபாயம் குறைவு. சாதாரண நாளிலேயே இழுபறி என்றால், உங்களுக்குப் பிடித்த அணியாக இருந்தாலும் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட நாளில் மட்டும் தோற்கும் என்றால், மேலே எண்ணிய புதிய கைகளுக்குத் திரும்பிப் போங்கள். கெட்ட நாளை வரவழைப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஆட்டம் தொடங்கியதும்

முதல் 15 நிமிடம் புள்ளிப் பலகையைப் பார்க்காதீர்கள். வெளியூர் அணியின் முன்வரிசை எத்தனை முறை முன்கூட்டி அசைகிறது, எத்தனை முறை நேரம் போதாமல் டைம் அவுட் கேட்கிறது, பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில் இன்னும் எத்தனை யார்டு தேவைப்படுகிறது என்பதை மட்டும் குறியுங்கள். மூன்று, நான்கு யார்டு என்றால் எந்த மைதானத்திலும் மூச்சுவிடலாம். பத்து, பன்னிரண்டு என்று தொடர்ந்தால் கூட்டம் ஆட்டத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

அந்த நிலையிலிருந்து மீளும் அணிகளும் உண்டு. 2019இல் ஆஸ்டினில் மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதம். எல்.எஸ்.யு. 37-31 என முன்னிலை. மூன்றாவது முயற்சி, தேவை 17 யார்டு. டெக்சாஸ் கூடுதல் ஆட்களைப் பாயவிட்டது. அந்த நெருக்கடிக்குள் பரோ பின்வாங்காமல் முன்னால் நகர்ந்து வீசினார். ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடித்து ஓடினார். 61 யார்டு, டச் டவுன். ஆட்டம் 45-38 என முடிந்தது. அந்தப் பருவத்தில் எல்.எஸ்.யு. ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டம் பெற்றது.

தோல்வி வந்தாலும் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். 2024 முதல் பட்டப் போட்டிக்கு 12 அணிகள் போகின்றன. நார்தர்ன் இல்லினாயிடம் தோற்ற நோட்டர் டேம் அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் வரை போனது. எனவே நான்கு வாரம் கழித்து அதே தாளை எடுத்து, நீங்கள் புதிது என்று குறித்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். யார் தேறியிருக்கிறார், யார் இன்னும் தடுமாறுகிறார் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஃபுளோரிடா ஸ்டேட்டில் முதல் ஆட்டத்தைத் தொடங்கித் தோற்ற அலபாமாவின் குவார்ட்டர்பேக் டை சிம்ப்சன், 2025 செப்டம்பர் 27 அன்று ஜார்ஜியாவின் சொந்த மைதானத்துக்குப் போய் 24-21 என்று வென்று வந்தார். இடைப்பட்டவை நான்கு வாரங்கள்தான்.